பேயைத் திருத்தலாமா?

புதிதாக எழுத வருகிறவர்களுக்குப் பயிற்சி கொடுக்கலாமா என்று கேட்டால் இரண்டு பதில்கள் உடனே வரும். "எழுத்தைச் சொல்லிக்கொடுக்க முடியாதுங்க" என்பது ஒன்று. "நாலு பட்டறை போடுங்க, தானா வருவாங்க" என்பது இன்னொன்று. காரைக்காலில் இருந்துகொண்டு யோசித்தால் இரண்டுமே சரியாகப் படவில்லை.

ஆனி மாதம் மாங்கனித் திருவிழாவில் மாம்பழத்துக்குக் கை நீட்டுகிற கூட்டத்தில், அம்மையார் ஒரு கவிஞர் என்பது பலருக்கு மறந்துபோகும். அற்புதத் திருவந்தாதி 101 வெண்பா. ஒரு பாட்டு முடிகிற இடத்தில் அடுத்தது தொடங்கவேண்டும். தளை தட்டினால் வெண்பா காட்டிக்கொடுத்துவிடும். இது தானாக வருகிற வித்தையில்லை. யாரோ சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும், அல்லது கேட்டுக் கேட்டுக் காதில் ஏறியிருக்க வேண்டும். ஆனால் மூத்த திருப்பதிகத்தின் தொடக்கத்திலேயே வற்றிய மார்பும் புடைத்த நரம்புமாக ஒரு பெண்பேயைக் கொண்டுவந்து நிறுத்துகிறாரே, கடைசியில் தன்னையே காரைக்கால் பேய் என்று சொல்லிக்கொள்கிறாரே, அதை யார் சொல்லிக்கொடுத்தது?

இன்றைக்கு ஒரு பட்டறையில் அந்தப் பாட்டை வாசித்தால் என்ன சொல்வோம்? "யாப்பு பிரமாதம்மா. அந்தப் பேயை மட்டும் கொஞ்சம் மாத்திடுங்களேன்." நல்லெண்ணத்தோடுதான் சொல்வோம், அதுதான் ஆபத்து. தளை தட்டுகிற இடத்தைக் காட்டாமல் முதுகில் தட்டி அனுப்புவது ஏமாற்று. பேயில் கைவைப்பது, என் கணக்கில், திருட்டு. எது யாப்பு, எது பேய் என்று பிரித்துப் பார்ப்பதுதான் கஷ்டம். கடற்கரைக் குப்பத்துப் பெண் ஒருத்தி வீட்டுப் பேச்சிலேயே கதை எழுதி வந்தால், நம்மில் பாதிப்பேர் சிவப்புப் பேனாவைத்தான் எடுப்போம்.

மாயூரத்தில் இருந்த மகாவித்வான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை பழுத்த சைவர். தலபுராணங்களாகப் பாடித் தள்ளியவர். அவர் சொல்லச் சொல்ல மாணவர்கள் ஏட்டில் எழுதுவார்கள். பாட்டு உருவாகிறதைப் பக்கத்திலிருந்து பார்ப்பதே பாதிப் பாடம். காரைக்கால் எல்லையைத் தாண்டினால் நாகூர். அந்த ஊர் குலாம் காதிறு நாவலரும் அவரிடம் படித்தவர்தான். குருவிடம் புராணம் பாடுகிற வித்தையைக் கற்றுக்கொண்டு, அவர் பாடியது நாகூர்ப் புராணம்.

உ.வே.சாமிநாதையர் 1871இல் அதே பிள்ளையிடம் வந்து சேர்ந்தார். அவரோ புராணம் பாடுகிற பக்கமே போகாமல் பழைய ஏடுகளைத் தேடிப் பதிப்பிக்கிற வேலைக்குப் போனார். அதைப் பார்க்கப் பிள்ளை இல்லை. 1876இலேயே காலமாகிவிட்டார், சீவக சிந்தாமணி அச்சில் வந்தது 1887இல்.