தெல்தெனியவுக்கு என்ன விலை?

மின்திட்டம் ஒன்றுக்கு ஆலோசனை நிறுவனம் எழுதும் சாத்தியக்கூற்று அறிக்கை பார்வைக்குப் பொறியியல் ஆவணம். ஆனால் யாருடைய இழப்பைச் சேர்ப்பது, எதற்கு விலை போடுவது என்ற அறத் தீர்ப்புகளும் அதில் உண்டு.

கண்டி மாவட்டத்தில் மகாவலியை மறித்து எழுந்த விக்டோரியா அணையே இதற்குச் சான்று. 30 ஆண்டுகளுக்கெனத் திட்டமிட்ட மகாவலி அபிவிருத்தியை, 1977இல் ஆட்சிக்கு வந்த அரசு துரிதப்படுத்தியது. 122 மீற்றர் உயர அணை 1985இல் திறக்கப்பட்டது. மின்நிலையத்தின் கொள்ளளவு 210 மெகாவாட். பணத்தின் பெரும்பகுதி பிரித்தானிய நன்கொடை. ஆலோசனையும் கட்டுமானமும் பிரித்தானிய நிறுவனங்களிடமே போயின. கொடுப்பவரும் மதிப்பிடுபவரும் கட்டுபவரும் ஒரே நாட்டவராக இருக்கையில் 'வேண்டாம்' என்று அறிக்கை வருவது அரிது. இதில் தனிமனிதரின் நேர்மையைச் சந்தேகிக்க வேண்டியதில்லை; ஏற்பாடே அப்படி.

அறம் ஆழமாக ஒளிந்திருப்பது, எதிர்கால இழப்பை இன்றைய மதிப்புக்குக் குறைக்கும் கழிவு வீதத்தில். ஆண்டுக்கு 10 சதவீதம் என்று வைத்தால், 50 ஆண்டு கழித்து நேரும் 100 ரூபாய் நட்டம் இன்றைய கணக்கில் ஏறத்தாழ 85 சதம். பேரப்பிள்ளைகள் காலத்தில் நீர்த்தேக்கம் வண்டலால் தூர்ந்தாலும் அறிக்கை அசையாது.

பழைய தெல்தெனிய நகரம் விக்டோரியா நீர்த்தேக்கத்தில் மூழ்கியது. மகாவலிக் குடியேற்றங்களில் ஒரு குடும்பத்துக்கு வழக்கமாகக் கிடைத்தது 2.5 ஏக்கர் வயலும் அரை ஏக்கர் மேட்டுக்காணியும். காணிக்குக் காணி சரி, வழிபாட்டிடத்துக்கு? அயலில் கொத்மலை நீர்த்தேக்கத்தில் மூழ்கிய கடதொர விகாரை, கடும் வறட்சியில் இன்னும் தலைகாட்டுகிறது. மூழ்கிய விகாரைகளுக்கு ஈடாக மகாவலி மகாசேய என்ற தாதுகோபம் எழுப்பப்பட்டது. இடம்மாறுவது சமயத்துக்குப் புதிதல்ல. பாலாலயம் செய்து மூர்த்தியின் கலையை வேறிடத்துக்கு மாற்றும் முறை சைவத்தில் உண்டு. எல்லாம் அநித்தியம் என்பது பௌத்தம். ஆனால் தன் பொருளைத் துறப்பதற்கான அந்தப் போதனை, பிறர் பொருளை மூழ்கடிக்க அனுமதி ஆகாது.

நட்டஈட்டுக் கணக்கில் மலையகத் தமிழரின் நிலை இன்னும் மோசம். தோட்டத்து லயன் காம்பராவில் நாலு தலைமுறை வாழ்ந்தாலும் கையில் காணி உறுதி இல்லை. உறுதியைப் பார்த்து நட்டஈடு போடும் எந்த முறையிலும் அவர்கள் பூச்சியம்.

அறிக்கைகளை முற்றாக ஒதுக்குவது தீர்வல்ல. கணக்கில்லாத திட்டம் அதைவிட ஆபத்து. கழிவு வீதத்தைத் தெரிவு செய்தவர் யார், ஏன், எந்தெந்த இழப்புக்கு விலை போடவில்லை என்பவற்றை ஒவ்வொரு அறிக்கையின் முதற்பக்கத்திலும் தமிழிலும் சிங்களத்திலும் எழுத வைப்பதே குறைந்தபட்ச நியாயம்.