விடை கொடுத்தல்

ஒருவரைக் கௌரவிப்பதும் கைகழுவுவதும் ஒரே செய்கையாக இருக்க முடியுமா? பணி நிறைவு விழாக்களைப் பார்க்கும்போது முடியும் என்றே எனக்குத் தோன்றுகிறது.

பழைய ஏடுகளை ஆடிப்பெருக்கு வெள்ளத்தில் விட்ட வழக்கத்தை உ.வே.சாமிநாதையர் வேதனையோடு பதிவு செய்திருக்கிறார். அதை அறியாமை என்று சொல்லி நாம் நகர்ந்துவிடுகிறோம். விட்டவர்கள் ஏட்டை வெறுத்தவர்கள் அல்லர். குப்பையில் போட மனம் வராததால்தானே ஆற்றைத் தேடினார்கள்? மரியாதைக்குக் குறைவில்லை. ஏட்டில் என்ன இருக்கிறது என்று கேட்கத்தான் ஆள் இல்லை.

தஞ்சாவூரில் ஓர் ஆவணக் காப்பாளரின் விழாவுக்கு நான் போயிருந்தேன். நெடுங்காலம் அந்த வேலையில் இருந்த பெண்மணி. பொன்னாடை போர்த்தினார்கள். உடன் பணியாற்றியவர்கள் அவருடைய பொறுமையையும் நேரந்தவறாமையையும் புகழ்ந்தார்கள். யார் பேச்சிலும் பொய் இல்லை. ஆனால் எந்தக் கட்டு பட்டியலில் ஏறாமல் கிடக்கிறது, எந்த ஏடு வேறொரு சுவடிக்குள் மாறிச் சேர்ந்திருக்கிறது என்பதெல்லாம் அவர் நினைவில் மட்டுமே இருந்தன. அவர் இடத்துக்கு வேறொருவர் நியமிக்கப்படவும் இல்லை. பொன்னாடையோடு அந்த ஞாபகமும் வீட்டுக்குப் போயிற்று.

பொருள் பத்திரமாக இருக்கிறதே, பிறகென்ன என்று கேட்கலாம். சரஸ்வதி மகால் நூலகத்தின் மோடி ஆவணங்கள் இதற்குப் பதில். 1855இல் இரண்டாம் சிவாஜி ஆண் வாரிசின்றி இறந்தார். மராட்டிய அரசு முடிந்தது. அரண்மனைக் கணக்குகள் கட்டுக் கட்டாகப் பிழைத்தன. மோடி எழுத்தை வாசிப்பவர்கள் அருகிப்போனார்கள். 1981இல் நிறுவப்பட்ட தமிழ்ப் பல்கலைக்கழகம் அவற்றில் ஒரு பகுதியைத் தமிழாக்கி வெளியிட முடிந்ததென்றால், வாசிக்கத் தெரிந்த சிலராவது மிஞ்சியிருந்ததுதான் காரணம். எலுமிச்சைப்புல் எண்ணெய் தடவி ஓலையைப் பூச்சியிடமிருந்து காத்துவிடலாம். வாசிப்பை ஓர் ஆள் இன்னோர் ஆளுக்குக் கையளித்தால்தான் உண்டு.

சம்பளம் வாங்கினார், கடமையைச் செய்தார், இதில் கடன் எங்கே வந்தது என்பது இன்னொரு வாதம். சம்பளம் கொடுத்தவரின் கணக்கில் அது சரிதான். ஆனால் அவர் உழைப்பின் பயன் போய்ச் சேர வேண்டியவர்கள் அந்த மண்டபத்தில் இருந்தவர்கள் அல்லர். மேட்டூரில் திறந்துவிட்ட நீர் கல்லணைக்கு வந்து மதகு திறக்கும் நாளில் மலர் தூவுகிறார்கள். கடைமடைக்காரன் வயலில் நின்று காத்துக்கொண்டிருக்கிறான். காப்பாளரின் கடைமடைக்காரன் இன்னும் பிறக்காத வாசகன். அவன் சார்பில் நன்றி சொல்லிக் கணக்கை முடிக்க நமக்கு அதிகாரம் இல்லை. நடுவில் வாய்க்கால் தூர்ந்துபோகாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு மட்டுமே நம்முடையது.

புகழ்ச்சி பதிலை எதிர்பார்ப்பதில்லை. அதனால்தான் அது நமக்குச் சௌகரியமாக இருக்கிறது. ஓர் இளைஞரைக் கடைசி ஓராண்டேனும் அவர் பக்கத்தில் உட்காரவைத்து, அவர் சொல்லச் சொல்லக் குறித்துக்கொள்ளச் செய்வதில் மேடை இல்லை, புகைப்படம் இல்லை; அவரிடம் மாணவனாகப் போக வேண்டிய சங்கடம் உண்டு. உத்தியோகத்தில் மேலே இருப்பவர்களுக்கு அது கஷ்டம். ஆனால் ஒருவருடைய அறிவை அறிவாக மதிப்பதற்கு அதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை. கேட்க வேண்டியதைக் கேட்டுக்கொண்ட பிறகு மாலை போடலாம். போடாமலும் விடலாம்.