சமநிலையா, மரத்துப்போன மனமா?

குர்லாவில் ஞாயிறு மாலைகளில் நடைபெறும் கீதை வகுப்பிற்குத் தாராவி, மாட்டுங்கா, செம்பூர் ஆகிய பகுதிகளிலிருந்து தமிழ் அன்பர்கள் வருவதுண்டு. ஒருநாள், இரண்டாம் அத்தியாயத்தில் 'சமத்துவம்' பற்றிய பகுதி முடிந்தபின் செம்பூரைச் சேர்ந்த முதியவர் ஒருவர் மட்டும் தயங்கி நின்றார். 1990களில் கொழும்பில் ஒரு வணிக நிறுவனத்தில் கணக்கராகப் பணியாற்றியவர் அவர்.

"சுவாமிஜி, இன்ப துன்பங்களில் கலங்காதிருப்பதே யோகம் என்று சொன்னீர்கள். அப்படியானால் கொழும்பில் நானும் யோகியாகத்தான் இருந்திருக்கிறேன்" என்றார். குரலில் கேலி இல்லை, வேதனை இருந்தது.

"1996 ஜனவரி 31ஆம் தேதி மத்திய வங்கியில் குண்டு வெடித்த அன்று இரவு முழுவதும் நான் உறங்கவில்லை. அதே ஆண்டு ஜூலையில் தெஹிவளையில் ரயிலில் குண்டு வெடித்தது. வீட்டுக்குப் போகப் பஸ் கிடைக்குமா என்பதுதான் என் முதல் கேள்வியாக இருந்தது. மறு ஆண்டு அக்டோபரில் உலக வர்த்தக மையத்திற்கு அருகில் வெடித்தபோது, செய்தியைக் கேட்டுக்கொண்டே காலை உணவை முடித்தேன். இது சமத்துவமா, சுவாமிஜி?"

நம் காலத்தில் நகரங்களில் வாழும் ஒவ்வொருவரும் சிந்திக்க வேண்டிய கேள்வி இது.

தலைநகரின் இரு முகங்கள்

சட்டப்படி இலங்கையின் தலைநகர் 1982 முதல் ஸ்ரீ ஜயவர்த்தனபுர கோட்டை. ஆயினும் வாணிபம், அலுவல், துறைமுகம் அனைத்திலும் தலைநகராக விளங்கியது கொழும்புதான். 1983 முதல் 2009 வரை அந்நாட்டில் உள்நாட்டுப் போர் நடந்தது. விடுதலைப் புலிகள் மத்திய வங்கியில் நிகழ்த்திய தாக்குதலில் 90 பேர் அளவில் உயிரிழந்தனர். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் காயமுற்றனர். தெஹிவளையில் 64 பேர் மாண்டனர். எனினும் போரின் முழுப் பாரத்தையும் சுமந்தது வடக்கும் கிழக்கும்தான். 1995 அக்டோபர் இறுதியில் யாழ்ப்பாணத்திலிருந்து லட்சக்கணக்கான மக்கள் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு வெளியேறினார்கள். கொழும்பில் இருந்தவர்களுக்கு அது ஒரு செய்தி.

அந்த நகரத்திற்குள்ளேயும் போர் எல்லோருக்கும் ஒன்றாக இருக்கவில்லை. முதியவர் மேலும் சொன்னார்: "சோதனைச் சாவடியில் பஸ்ஸை நிறுத்துவார்கள். என் இந்தியப் பாஸ்போர்ட்டைப் பார்த்ததும் விட்டுவிடுவார்கள். ஒருநாள் என் பக்கத்தில் அமர்ந்திருந்த இளைஞனின் அடையாள அட்டையில், பிறந்த ஊர் யாழ்ப்பாணம் என்று இருந்தது. அவனை இறக்கினார்கள், பஸ் புறப்பட்டுவிட்டது. அவனுடைய குடை இருக்கையிலேயே கிடந்தது. சன்னல் வழியாக அதை நீட்டியிருக்கலாம். கையைத் தூக்கக்கூட எனக்கு மனம் வரவில்லை. அவனோடு பேசிக்கொண்டு வந்தவன் நான் என்று யாரும் நினைத்துவிடக் கூடாதே என்று இருந்தது."

மும்பைவாசிகளான நாம் இதை வேற்று நாட்டுக் கதையாக ஒதுக்கிவிட முடியாது. 1992 டிசம்பரிலும் 1993 ஜனவரியிலும் நிகழ்ந்த கலவரங்களை தாராவி கண்டது. 2006 ஜூலை 11 மாலை புறநகர் ரயில்களில் ஏழு குண்டுகள் வெடித்தன. இருநூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். மறுநாளே ரயில்கள் ஓடின. நகரத்தின் மனவுறுதியை எல்லோரும் புகழ்ந்தார்கள். அன்றாடக் கூலியை நம்பியிருப்பவருக்கு மறுநாள் வேலைக்குப் போவதைத் தவிர வேறு வழி ஏது? அதில் குற்றம் காண முடியாது. வேலைக்குப் போனவர் தம்முடன் எதைக் கொண்டு போனார், எதை விட்டுவிட்டுப் போனார் என்பதே கேள்வி.

அஸ்தினாபுரத்தில் அமர்ந்திருந்தவர்

போர்க்காலத்துத் தலைநகரவாசி ஒருவரை மகாபாரதமும் நமக்குக் காட்டுகிறது. குருக்ஷேத்திரத்தில் போர் நடக்கிறது. அஸ்தினாபுரத்து அரண்மனையில் திருதராஷ்டிரர் அமர்ந்திருக்கிறார். போர் தொடங்குமுன் வியாசர் வந்து, அதைக் காணும் பார்வையைத் தருவதாகச் சொன்னார். திருதராஷ்டிரர் மறுத்துவிட்டார். சுற்றத்தார் மடிவதைக் காண விரும்பவில்லை, கேட்டால் போதும் என்றார். ஆகவே அந்தப் பார்வை சஞ்ஜயனுக்குக் கிடைத்தது.

பிறவிக் குருடர் என்று அவர்மேல் நாம் இரக்கம் கொள்கிறோம். கண் கொடுக்கப்பட்டபோது வேண்டாம் என்றவரும் அவரே. கீதையின் தொடக்கத்தில் அவர் கேட்கும் கேள்வியிலேயே தம் மக்கள் ஒரு பக்கமும் பாண்டுவின் மக்கள் மறுபக்கமும் பிரிந்து நிற்கிறார்கள். காண மறுப்பதும் 'நம்மவர், பிறர்' என்று பிரிப்பதும் சேர்ந்தே வருகின்றன.

2009 மே மாதம் போர் முடிந்தபோது கொழும்புத் தெருக்களில் பட்டாசு வெடித்தது, பாற்சோறு பகிரப்பட்டது. குண்டுகளுக்கு அஞ்சி வாழ்ந்த மக்கள் நிம்மதி அடைந்தது இயல்பே. ஆனால் போரின் இறுதிக்கட்டத்தில் 40,000 வரையிலான குடிமக்கள் இறந்திருக்கக்கூடும் என்று ஐ.நா. பொதுச்செயலர் நியமித்த நிபுணர் குழு 2011இல் தெரிவித்தது. அந்தப் பாற்சோற்றை உண்டவர்களில் பலர் அந்த மரணங்களைக் கண்டிருக்கவில்லை. சிலர் காண விரும்பவும் இல்லை.

இரண்டையும் பிரித்தறிவது எப்படி?

தமோ குணம் சத்துவத்தின் வேடத்தில் வரும் என்று சுவாமி விவேகானந்தர் எச்சரித்தார். வெளித்தோற்றத்தில் இரண்டும் அசையாமல்தான் இருக்கும். கீதையின் இரண்டாம் அத்தியாயத்தை மட்டும் படித்து நிறுத்துபவர் இங்கே ஏமாறக்கூடும். பிறருடைய இன்ப துன்பங்களைத் தம்முடையவை போலவே காண்பவரே உயர்ந்த யோகி என்று ஆறாம் அத்தியாயம் உரைக்கிறது. தம் துன்பத்தில் கலங்காமை யோகம். பிறர் துன்பத்தில் கலங்காமைக்கு அந்தப் பெயர் பொருந்தாது. சமநிலை உள்ளவரின் பார்வை விரியும், கையும் செயல்படும். மரத்துப்போனவரின் பார்வை சுருங்கும். கை மடியிலேயே கிடக்கும்.

அதே கொழும்பில் கண்களை மூடிக்கொள்ளாதவர்களும் இருந்தார்கள். 1983 ஜூலையில் தமிழர் வீடுகள் எரிந்தபோது, சிங்களக் குடும்பங்கள் பல அண்டை வீட்டுத் தமிழரைத் தம் வீடுகளில் ஒளித்துக் காத்தன. கும்பல் வந்து கதவைத் தட்டினால் தங்களுக்கும் ஆபத்து என்பதை அறிந்தே அதைச் செய்தார்கள். 2007 ஜூன் 7ஆம் தேதி, விடுதிகளில் தங்கியிருந்த தமிழர் நூற்றுக்கணக்கில் பஸ்களில் ஏற்றப்பட்டு நகரைவிட்டு அனுப்பப்பட்டனர். கொழும்பிலிருந்த ஒரு குடிமை அமைப்பு உடனே உச்ச நீதிமன்றத்தை நாடியது. மறுநாளே அந்த வெளியேற்றத்திற்கு இடைக்காலத் தடை கிடைத்தது. இவர்களும் அலுவலகம் சென்றார்கள், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பினார்கள், கடைக்குப் போய் அரிசி வாங்கினார்கள். அன்றாட வாழ்க்கை இவர்கள் கண்களை மறைக்கவில்லை.

முதியவரிடம், "நீங்கள் கேட்டது சமத்துவம் அன்று. ஆனால் உங்கள் மனம் முழுவதும் மரத்துப்போகவும் இல்லை. முப்பது ஆண்டுகளாகியும் அந்தக் குடை உங்களை விட்டுப் போகவில்லையே!" என்றேன்.

"இப்போது நான் என்ன செய்வது, சுவாமிஜி?"

"அந்த இளைஞனுக்கு இனி ஒன்றும் செய்ய இயலாது. ஆனால் இந்தக் குர்லாவிலும் மொழியாலோ மதத்தாலோ பிறந்த ஊராலோ தனியே நிறுத்தப்படும் ஒருவர் என்றாவது உங்கள் பக்கத்தில் அமர்ந்திருப்பார். அன்று கையை நீட்டுங்கள்."

அன்பர்களே, இரவில் பிரார்த்தனைக்கு அமரும்போது, 'இன்று யாருடைய துன்பத்தைக் கண்டும் காணாதவனாய் வந்தேன்?' என்று ஒருமுறை நம்மை நாமே கேட்டுக்கொள்வோம். வியாசர் தர வந்த பார்வையை நாமும் மறுத்துவிட வேண்டாம்.