சமன் என்பது அமைதியா?

ஆட்டத்தைப் பாதியில் நிறுத்திக்கொள்வது அறமா, அச்சமா? காளவாசலில் எம் தெருப் பிள்ளைகள் சதுரங்கம் ஆடுகையில் இவ்வினா அடிக்கடி எழும். சமன் என்றாலே அவர்கள் முகம் சுளிப்பர். அவர்கட்கு யாம் எடுத்துக்காட்டுவது, 2013 நவம்பர் 9 அன்று சென்னையில் நடந்த உலகப் பட்டப் போட்டியின் முதல் ஆட்டம்.

வெள்ளைக் காய்கள் நார்வேயின் மாக்னஸ் கார்ல்சனுக்கு. கறுப்பு நம் விசுவநாதன் ஆனந்துக்கு. கார்ல்சன் நடுக் காலாளைத் தள்ளாது குதிரையை முதலில் விடுத்தார். பின்னர் மந்திரியை ஓரத்தில் நிறுத்தி நெடுங்குறுக்குக் கோட்டைக் காவல் செய்தார். ஆனந்தும் அவ்வாறே செய்தார். இருவரும் ஒரே பக்கத்தில் கோட்டை கட்டினர். 6 நகர்த்தல்கள் முடிந்தபோது இரு படைகளும் ஏறத்தாழக் கண்ணாடியில் கண்டாற்போல் நின்றன.

ஒத்து நின்றமையால் பகை தணிந்ததோ எனில், இல்லை. ஆனந்தின் குதிரைகள் முன்னேறின. வெளியே வந்த கார்ல்சனின் மற்றொரு மந்திரி 12ஆம் நகர்த்தலில் பிறந்த கட்டத்திற்கே திரும்பிற்று! அதன்பின் குதிரை அரசியைத் துரத்தும். அரசி விலகிக் குதிரையைத் தாக்கும். மீண்டும் அதே நிலை. 16ஆம் நகர்த்தலில் ஆட்டம் சமனாயிற்று.

முதல் நகர்த்தல் உரிமை பெற்றவர் இத்துணை விரைவில் நிறுத்தியதைக் கோழைமை என்பார் உளர். பெருந்தன்மை என்பாரும் உளர். யாம் இரண்டையும் ஏற்கவில்லை. நோன்பிருப்பவர் இலையும், உணவு கிட்டாதவர் இலையும் வெறுமையாகவே இருக்கும்; கண்டவர் வேறுபாடு அறியார். வெல்லும் வாய்ப்பிருந்தும் கைவிடுவதே துறவு. கார்ல்சனிடம் அவ்வாய்ப்பு இல்லை. வேறு வழி தேடினால் இடரே மிகும். ஆனந்துக்கோ, கறுப்புக் காய்களுடன் அரைப் புள்ளி நல்ல வரவு. இருவரும் கணக்குப் பார்த்தே நிறுத்தினர். வெல்லும் வேட்கை ஒருவரிடமும் குறையவில்லை. கார்ல்சன் 5, 6, 9ஆம் ஆட்டங்களை வென்று, ஆறரைக்கு மூன்றரை என்று பட்டத்தையே கொண்டு சென்றார்.

எனினும் அந்நிறுத்தலில் யாம் மதிப்பது ஒன்றுண்டு. தம் நிலை உயர்ந்ததன்று என்பதை மறைக்க வீம்புக்கு ஆடவில்லை அவர். உள்ளதை உள்ளவாறு காண்பது துறவன்று. ஆயினும் அதற்கும் மனத்திட்பம் வேண்டும். வீட்டுப் பூசல்களில் நம்முள் எத்தனை பேருக்கு அது வாய்க்கிறது?

மறுநாள் வெள்ளை ஆனந்திடம் வந்தது. அவ்வாட்டமும் அவ்வாறே நிலை மீண்டு, 25ஆம் நகர்த்தலில் சமனாயிற்று.