ஆட்டம் கூடும், அவதூறு கூடாது

எல்லாப் புகழும் அல்லாஹுத்தஆலாவுக்கே. அவனுடைய தூதர் முஹம்மது முஸ்தபா (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் ஸலவாத்தும் ஸலாமும் உண்டாவதாக.



ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து மக்கள் கலைந்த பிறகு, பெரியவர் ஒருவர் என்னருகில் வந்து அமர்ந்தார். "ஹஜ்ரத், எனக்கு இரண்டு ஆண்பிள்ளைகள். ஒரே ஸஹனில் சாப்பிட்டு வளர்ந்தவர்கள். ஐந்து நாளாக ஒருவருக்கொருவர் ஸலாம்கூட இல்லை. சொத்துத் தகராறும் இல்லை, கொடுக்கல் வாங்கலும் இல்லை. இங்கிலாந்தில் லெஸ்டர் என்று ஓர் ஊராம். அந்த ஊர்க் கால்பந்துக் கழகம் என்றால் இருவருக்குமே உயிராம். அதன் மேலாளரை நீக்கியது சரியா, ஆட்டக்காரர்கள் அவருக்குத் துரோகம் செய்தார்களா என்று எப்போதோ முடிந்த விஷயத்தைப் பேசப்போய்ச் சண்டை முற்றிவிட்டது. இனி அந்த ஆட்டத்தையே வீட்டில் பார்க்கக் கூடாதென்று தடுத்துவிடட்டுமா?" என்று கேட்டார்.

உடனே பதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. விஷயம் அறியாமல் ஃபத்வா சொல்வது ஆபத்து. அந்தக் கழகத்தின் கதையை விசாரித்து அறிந்துகொண்டேன். அறிந்தபோது, இது அந்த ஒரு வீட்டின் பிரச்சினை மட்டுமல்ல, நம் எல்லோருடைய நாவின் பிரச்சினை என்று விளங்கிற்று. அதனால்தான் இங்கு எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். நம் மார்க்கம் விளையாட்டுக்குப் பகையல்ல. பெருநாளன்று அபிசீனியர்கள் பள்ளிவாசலிலேயே ஈட்டி கொண்டு விளையாடியபோது, நாயகம் (ஸல்) அவர்கள் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களைத் தமக்குப் பின்னே நிற்கச் செய்து, அவர்கள் சலிக்கும்வரை பார்க்க விட்டார்கள். அன்னையாருடன் ஓட்டப் பந்தயமும் ஓடியிருக்கிறார்கள். தொழுகை தவறாமலும், அவ்ரத்து மறைந்தும், சூது கலவாமலும் இருக்குமானால் ஆடுவதும் பார்ப்பதும் கூடும்.

தன் பக்கம் தோற்றால் மனம் வருந்துவதும் மனித இயல்புதான். நாயகம் (ஸல்) அவர்களிடம் அள்பா என்றொரு ஒட்டகம் இருந்தது. எந்தப் பந்தயத்திலும் அதை வேறு ஒட்டகம் முந்தியதில்லை. ஒரு நாள் கிராமத்து அரபி ஒருவர் இளம் ஒட்டகத்தில் வந்து அதை முந்திவிட்டார். ஸஹாபாக்களின் முகம் வாடிற்று. அதைக் கண்ட நாயகம் (ஸல்) அவர்கள், இவ்வுலகில் உயர்ந்துவிடும் எதையும் தாழ்த்தியே தீருவது அல்லாஹ்வின் நியதி என்று சொல்லித் தேற்றினார்கள். புகாரியில் உள்ள ஹதீஸ் இது. முந்தியவரை அவர்கள் ஏசவுமில்லை; அள்பாவை இகழவுமில்லை. தோல்வியைப் பார்த்து ஒரு முஃமின் படிக்க வேண்டிய பாடம் இதுவே.

இனி லெஸ்டர் கழகத்தின் கதைக்கு வருவோம்.

2015 ஜூலையில் அக்கழகம் இத்தாலியரான கிளாடியோ ரானியேரி என்பவரை மேலாளராக்கியது. அதற்குச் சில மாதங்களுக்கு முன், 2014 நவம்பரில்தான், ஃபரோ தீவுகள் என்ற சின்னஞ்சிறு தேசத்திடம் கிரீஸ் அணி தோற்றதற்காக அவர் அந்த அணியின் பயிற்சிப் பொறுப்பிலிருந்து நீக்கப்பட்டிருந்தார். "இவரையா கொண்டுவருவது?" என்று லெஸ்டரை நேசித்தவர்களே முகம் சுளித்தார்கள். அந்த ஆண்டு லெஸ்டர் முதலிடம் பெறுமா என்பதற்குச் சூதாட்டக்காரர்கள் ஒன்றுக்கு 5000 என்று பந்தயம் வைத்தார்கள். சூது ஹராம். உலகம் அவர்களை எவ்வளவு தாழ்வாக எடைபோட்டது என்பதைக் காட்டவே இதைச் சொல்கிறேன்.

அணியில் இருந்தவர்களும் பிறர் வேண்டாமென்று ஒதுக்கியவர்களே. முன்னணி ஆட்டக்காரரான ஜேமி வார்டி சிறு கழகங்களில் ஆடி, வயது கடந்து வந்தவர். அல்ஜீரியாவின் ரியாத் மஹ்ரஸ் ஐந்து லட்சம் பவுண்டுக்கும் குறைந்த விலைக்குப் பிரான்சிலிருந்து வாங்கப்பட்டவர். இங்கிலாந்தின் முரட்டு ஆட்டத்தைத் தாங்கமுடியாத ஒல்லி உடம்பென்று கருதப்பட்டவர். மாலி நாட்டுப் பெற்றோருக்குப் பாரிஸில் பிறந்த என்கோலோ காந்தே, உயரம் போதாதென்று பல பயிற்சிக் கூடங்களால் திருப்பி அனுப்பப்பட்டவர். மஹ்ரஸும் காந்தேயும் நம் மார்க்கச் சகோதரர்கள்.

இங்கே நம் நாவை நிறுத்திப் பார்க்க வேண்டும். ஒருவருடைய ஆட்டத்தைக் குறை சொல்வது வேறு. அல்லாஹ் கொடுத்த உருவத்தைக் குறை சொல்வது வேறு. அப்துல்லாஹ் இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் மரத்தில் ஏறியபோது, அவர்களுடைய மெலிந்த கணைக்கால்களைப் பார்த்துச் சிலர் சிரித்துவிட்டார்கள். மீஸான் என்னும் தராசில் அக்கால்கள் உஹது மலையைவிடக் கனமானவை என்று நாயகம் (ஸல்) அவர்கள் கண்டித்தார்கள். இன்னொரு சமயம் அன்னை ஸஃபிய்யா (ரலி) அவர்களுடைய உயரக் குறைவைச் சுட்டி ஒரு சொல் வந்தபோது, கடல் நீரில் கலந்தால் கடலையே கெடுத்துவிடும் சொல் என்று எச்சரித்தார்கள். நெட்டையன், குட்டையன், நோஞ்சான் என்று ஆட்டக்காரர்களுக்கு நம் பிள்ளைகள் சூட்டும் பெயர்களை எந்தக் கடலில் கரைப்பது?

அந்த மெலிந்தவரும் குள்ளமானவரும் இருந்த அணிதான் 38 ஆட்டங்களில் மூன்றில் மட்டுமே தோற்று, 81 புள்ளிகளுடன், 2016 மே 2 அன்று இங்கிலாந்தின் முதல் கழகம் என்னும் பட்டத்தை உறுதி செய்தது. இகழ்ந்த வாய்கள் எல்லாம் புகழ்ந்தன. ரானியேரி அவ்வூரின் செல்லப்பிள்ளையானார்.

அதற்கடுத்த பருவம் காந்தே செல்சி கழகத்துக்குப் போய்விட்டார். லெஸ்டர் மளமளவென்று சரிந்து 17ஆம் இடத்துக்கு வந்தது. 2017 பிப்ரவரி 23 அன்று ரானியேரி நீக்கப்பட்டார். பட்டம் வென்று பத்து மாதம்கூட நிறையவில்லை. அள்பாவைப் பற்றி நாயகம் (ஸல்) அவர்கள் சொன்னதை இங்கே மீண்டும் நினைத்துக்கொள்ளுங்கள்.

மேலாளரைப் பற்றிப் பேசவே கூடாதா என்று கேட்பீர்கள். பேசலாம். இமாம் நவவீ (ரஹ்) அவர்கள், ஒருவரைப் பற்றி அவரில்லாத இடத்தில் பேச அனுமதியுள்ள ஆறு சந்தர்ப்பங்களை எழுதிவைத்திருக்கிறார்கள். பெண் கொடுப்பது, கூட்டு வியாபாரம் செய்வது போன்றவற்றில் ஆலோசனை கேட்பவருக்கு உள்ளதைச் சொல்வது அவற்றில் ஒன்று. இன்னாரைப் பின்னணியில் நிறுத்தியது பிழை, இந்த விலைக்கு இவரை வாங்கியது நஷ்டம் என்று ஆட்டத்தை அளந்து பேசினால், அது அவர் எல்லோரும் காண மைதானத்தில் செய்த வேலையைப் பற்றிய அபிப்பிராயம். மானத்தைத் தொடாதவரை அதில் குற்றம் காண நான் துணியமாட்டேன்.

ஆனால் பேச்சு அங்கே நிற்கிறதா? கூஃபா நகர மக்கள் தங்கள் கவர்னர் ஸஅத் இப்னு அபீவக்காஸ் (ரலி) அவர்கள் மீது, அவருக்கு ஒழுங்காகத் தொழவும் தெரியவில்லை என்று கலீஃபா உமர் (ரலி) அவர்களிடம் புகார் செய்தார்கள். சுவர்க்கத்துக்கு நன்மாராயம் பெற்ற பதின்மரில் ஒருவர் மீது இப்படியொரு புகார்! உமர் (ரலி) அவர்கள் அவர்களைப் பதவியிலிருந்து விலக்கினார்கள். ஆனால் விசாரிக்காமல் பழி சுமத்தவில்லை. கூஃபாவின் பள்ளிவாசல் ஒவ்வொன்றிலும் ஆளனுப்பி விசாரித்தார்கள். எல்லோரும் நல்லதையே சொன்னார்கள். ஒரு பள்ளியில் ஒருவர் மட்டும் பொய்ப் பழி கூறினார். பாதிக்கப்பட்டவரின் துஆ அந்த மனிதரை முதுமைவரை விடவில்லை. பிற்காலத்தில் உமர் (ரலி) அவர்கள், திறமைக் குறைவுக்காகவோ மோசடிக்காகவோ ஸஅதை நான் விலக்கவில்லை என்று தம் மரணத் தறுவாயில் அறிவித்தார்கள். பதவியை எடுப்பது வேறு, மானத்தை எடுப்பது வேறு என்பதற்கு இதைவிட அழகான முன்மாதிரி எங்கே கிடைக்கும்?

லெஸ்டரில் நடந்தது என்ன? ஆட்டக்காரர்கள் முதலாளியிடம் போய்க் கோள் மூட்டித்தான் மேலாளரை விரட்டினார்கள் என்றொரு வதந்தி கிளம்பிற்று. அப்படி எதுவும் நடக்கவில்லை என்று வார்டி மறுத்தார். யார் கேட்பது? அவருக்குக் கொலை மிரட்டல்கள் வந்தன. குழந்தைகளை வைத்துக்கொண்டு அவர் மனைவி கார் ஓட்டிச் செல்லும்போது, சாலையில் குறுக்கே வெட்டி அச்சுறுத்தினார்கள் என்று 2017 மார்ச்சில் அவரே சொன்னார்.

தாய்மார்களே, சிந்தித்துப் பாருங்கள்! பின் இருக்கையில் உட்கார்ந்திருந்த அந்தக் குழந்தைகள் யாருக்கு என்ன துரோகம் செய்தார்கள்? கத்தி எடுத்தவன் மட்டும்தான் குற்றவாளி என்று நாம் எண்ணுகிறோம். "இருக்கும், அவன்தான் செய்திருப்பான்" என்று திண்ணையிலும் தேநீர்க் கடையிலும் தலையாட்டிய ஆயிரம் பேரின் பேச்சல்லவா அந்தக் காரைத் துரத்திற்று?

திருமறையின் ஹுஜுராத் அத்தியாயத்தில் அல்லாஹுத்தஆலா ஒன்றன்பின் ஒன்றாகத் தடுத்திருப்பதைக் கவனியுங்கள். பரிகாசம், குத்திப் பேசுதல், பட்டப்பெயர், கெட்ட எண்ணம், துருவி ஆராய்தல், புறம் பேசுதல்! புறம் பேசுவதை, இறந்த சகோதரனின் மாமிசத்தைத் தின்பதற்கு ஒப்பிடுகிறான். ரசிகர்களின் பேச்சு ஏறிச் செல்லும் படிகளும் இவைதாம். உருவத்தைப் பரிகசிப்பதில் தொடங்குவார்கள், பட்டப்பெயர் வைப்பார்கள், பிறகு அவனுடைய உள்ளத்துக்குள் புகுந்து துரோகி என்று தீர்ப்பெழுதுவார்கள். போர்க்களத்தில் கலிமா சொன்ன ஒருவரை, பயத்தில்தான் சொன்னார் என்று உஸாமா (ரலி) அவர்கள் எண்ணி வெட்டிவிட்டபோது, அவர் உள்ளத்தை நீர் பிளந்து பார்த்தீரா என்ற கருத்தில் நாயகம் (ஸல்) அவர்கள் கேட்ட கேள்வி நமக்கும் உரியது.

ஆள் வாங்குவது, விற்பது பற்றிய பேச்சும் அப்படியே. 2021 ரமலானில், ஏப்ரல் 26 அன்று, கிரிஸ்டல் பேலஸ் கழகத்துடன் நடந்த ஆட்டம் சூரியன் மறையும் வேளையில் சிறிது நின்றது. லெஸ்டரின் வெஸ்லி ஃபோபானாவும் எதிரணியின் நோன்பாளியும் நோன்பு திறப்பதற்காக, எதிரணியின் பந்துக் காப்பாளர் பந்தை உதைக்காமல் தாமதித்தார். அவர் நம் மார்க்கத்தவர் அல்லர். ஆயினும் நோன்பாளியின் தாகத்தை மதித்தார். அல்ஹம்துலில்லாஹ்! அதே ஃபோபானா 2022இல் ஏறத்தாழ ஏழு கோடி பவுண்டுக்குச் செல்சிக்குப் போக விரும்பியபோது, நேற்றுவரை அவரைக் கொண்டாடியவர்களில் பலர் தூற்றினார்கள். உடன்படிக்கையை நிறைவேற்றுவது ஆட்டக்காரர் மீது கடமை. அதில் குறை வைத்தால் அவர் அல்லாஹ்விடம் பதில் சொல்லட்டும். ஆனால் ஒருவன் நமக்குப் பயன்படும்வரை நேசிப்பதும், பயன் தீர்ந்ததும் ஏசுவதும் நேசமாகுமா? அது சந்தைக்காரன் மாட்டின் மீது வைக்கும் பிரியம்.

ஒரு நல்ல செய்தியையும் சொல்லிவிடுகிறேன். 2018 செப்டம்பரில், செல்சிக்காக ஆடிக்கொண்டிருந்த அதே காந்தே பாரிஸ் செல்லும் ரயிலைத் தவறவிட்டார். லண்டனில் ஒரு பள்ளிவாசலுக்குத் தொழப் போனார். அங்கே சந்தித்த ஒருவர் வீட்டுக்கு அழைத்தார். அழைத்தவர் போட்டிக் கழகமான ஆர்சனலின் ரசிகர். கோடிகள் விலை பேசப்பட்ட அந்த மனிதர் தயங்காமல் போய், அவர்களோடு அமர்ந்து உண்டு, அன்று மாலையை அவ்வீட்டுப் பிள்ளைகளில் ஒருவர்போலக் கழித்தார். மைதானத்தில் எதிரி, ஸஃப்பில் தோளோடு தோள், விருந்தில் சகோதரர். நாம் யாரைப் பற்றி வாய்க்கு வந்ததைப் பேசுகிறோமோ, அவர் நாளை நம் வீட்டுக் கதவைத் தட்டினால் அதே பேச்சை அவர் முகத்துக்கு நேரே பேச முடியுமா? முடியாதென்றால் அதுதான் புறம். இந்த ஒரு அளவுகோலைப் பிள்ளைகள் கையில் கொடுத்துவிடுங்கள்.

மறுவாரம் அந்தப் பெரியவரிடம் சொன்னேன்: "ஆட்டத்தைத் தடுக்க வேண்டாம். ஒரு முஸ்லிம் தன் சகோதரனோடு மூன்று நாளைக்கு மேல் பேசாதிருப்பது கூடாது என்பதையும், இருவரில் முதலில் ஸலாம் சொல்பவரே சிறந்தவர் என்பதையும் மட்டும் சொல்லுங்கள். முதலிடத்துக்குப் போட்டி போடப் பிரியமென்றால் இதில் போடட்டும்."

இளையவர் முதலில் ஸலாம் சொன்னாராம். மூத்தவர் இன்னும் ரானியேரியை நீக்கியது தவறென்றே சொல்கிறாராம். அந்த அபிப்பிராயம் அவரிடமே இருக்கட்டும். அதில் மார்க்கத்துக்கு யாதொரு ஆட்சேபமும் இல்லை.

யா அல்லாஹ்! எங்கள் கண்களுக்கு நீ ஆகுமாக்கிய களிப்பை, எங்கள் நாவுகள் ஹராமாக்கிவிடாமல் காப்பாயாக. நாங்கள் யாருடைய மானத்தைத் தின்றோமோ அவர்களிடம் மன்னிப்புப் பெறும் தௌஃபீக்கை மஹ்ஷருக்கு முன்பே தருவாயாக. எங்கள் வீடுகளில் ஸலாமை நிலைக்கச் செய்வாயாக. ஆமீன்.