மணி அடித்ததும் பேசு!

விடை உனக்குத் தெரியும். ஆசிரியர் கேள்வி கேட்ட நொடியிலேயே தெரிந்துவிட்டது. ஆனாலும் தலையைக் குனிந்து நோட்டைப் புரட்டுகிறாய். முன் பெஞ்சில் வழக்கமாக எழும் கைதான் இன்றும் எழுகிறது, வழக்கமான குரல்தான் ஒலிக்கிறது, பாடம் நகர்ந்துவிடுகிறது. தம்பி, தங்கையே! இந்த மௌனத்துக்கு அடக்கம் என்று யாரோ பெயர் வைத்து உன்னை நம்ப வைத்துவிட்டார்கள். உனக்குப் பேசிப் பழக்கமில்லை, அவ்வளவுதான். பழகிக்கொள்ளலாம். நாளுக்கு ஐந்து நிமிடம் கொடு.

நீ வளர்வது எந்த மண்ணில் என்று பார். 1998இல் சான்ட்ரோ கார் இந்த இருங்காட்டுக்கோட்டையிலிருந்துதான் சாலைக்கு வந்தது. அதன்பின் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், வல்லம் வடகால், சுங்குவார்சத்திரம் என்று வரிசையாக ஆலைகள் எழுந்தன. அந்த ஆலைகளில் ஷிஃப்ட் எப்படித் தொடங்குகிறது என்று வேலைக்குப் போகும் அண்ணனிடமோ அக்காவிடமோ கேள். பல இடங்களில், மெஷினைத் தொடும் முன் லைன் ஆட்கள் ஒன்றாகக் கூடி நிற்பார்கள். நேற்று எந்த பார்ட் ரிஜெக்ட் ஆனது, யாருக்கு அடிபட இருந்து தப்பியது, இன்றைய டார்கெட் என்ன என்று சில நிமிடம் பேசிவிட்டுத்தான் வேலையில் இறங்குவார்கள். கோடிக்கணக்கில் பணம் புரளும் ஆலையே பேச்சுக்கு நேரம் ஒதுக்குகிறது. வகுப்பறைக்கு மட்டும் நேரமில்லையா?

ஜப்பானில் டொயோட்டா நிறுவனம் வளர்த்தெடுத்த முறை ஒன்று உலகம் முழுக்கப் பரவியிருக்கிறது. வண்டியில் குறையைக் கண்ட எந்தத் தொழிலாளியும் ஒரு கயிற்றை இழுக்கலாம். உடனே உதவிக்கு ஆள் வரும். குறை தீரவில்லை என்றால் லைனே நிற்கும். மேலதிகாரியின் அனுமதிக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் தவறு கண்ணில் பட்டும் வாயை மூடிக்கொண்டிருக்கப் பன்னிரண்டு வருடம் பள்ளியில் பழகியவன், பதின்மூன்றாம் வருடம் ஆலைக்குள் நுழைந்ததும் அந்தக் கயிற்றை இழுத்துவிடுவானா?

வேலை கிடைப்பதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. 2021 டிசம்பரில், விடுதிச் சாப்பாட்டால் உடல்நலம் கெட்டு, இந்தப் பகுதியின் பெண் தொழிலாளர்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். அதற்குப் பிறகுதான் அவர்கள் என்ன சாப்பிடுகிறார்கள், எங்கே தூங்குகிறார்கள் என்று உலகம் கேட்டது. ஆப்பிள் நிறுவனம் அவர்கள் வேலை பார்த்த ஆலையைத் தன் கண்காணிப்பில் வைத்தது. உன் அக்கா வயதுப் பெண்கள் அவர்கள். உள்ளே இருந்த குறையை வெளியே கேட்கும்படி சொன்னார்கள். அந்தத் துணிவு உனக்கும் வேண்டும். அதைப் பழகிக்கொள்ள வகுப்பறையை விடப் பாதுகாப்பான இடம் வேறு ஏது?

ஆசிரியப் பெருமக்களே, இப்போது உங்களிடம் வருகிறேன். அமெரிக்க ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களில் வகுப்பறைகளைக் கவனித்து ஒன்றைக் கண்டுபிடித்தார். கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் பதிலுக்குச் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருந்தார்கள். அதை மூன்று நொடியாக்கியதும் பதில்கள் நீண்டன, வாயே திறக்காத பிள்ளைகளும் பேசினார்கள். செலவில்லை, கருவியில்லை. கேள்வியைக் கேட்டுவிட்டு மனத்துக்குள் மூன்று எண்ணுங்கள். அந்த மௌனத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள். பின்பெஞ்சுப் பிள்ளைக்கு அந்த மூன்று நொடிதான் வாசல்.

நாற்பது பேர் வகுப்பில் ஒருவர் மாற்றி ஒருவராகப் பேசினால் முழுப் பாடவேளை போனாலும் ஆளுக்கு ஒரு நிமிடம் கிடைப்பதே பெரிது. பெஞ்சில் பக்கத்தில் இருப்பவரிடம் பேசச் சொல்லுங்கள். ஒரே நேரத்தில் இருபது குரல் எழும். தனியாக யோசி, பக்கத்தில் சொல், பிறகு வகுப்புக்குச் சொல் என்ற இந்த முறையை ஃபிராங்க் லைமன் 1981இல் வகுத்தார். கேள்வி மட்டும் பிள்ளைகளின் வாழ்க்கையிலிருந்து எழ வேண்டும். 'பத்தாவது முடித்ததும் ஐடிஐயா, பிளஸ் ஒன்னா?' என்று கேட்டுப் பாருங்கள். ஐடிஐ என்பவர்கள் ஜன்னல் பக்கம், பிளஸ் ஒன் என்பவர்கள் கரும்பலகைப் பக்கம் நிற்கட்டும். எதிர்ப்பக்கத்தின் காரணம் மனத்தைத் தொட்டால் இடம் மாறலாம், ஆனால் எது மாற்றியது என்று சொல்லிவிட்டு மாற வேண்டும். கருத்தை மாற்றிக்கொள்வது தோல்வி என்று நம் பிள்ளைகள் நினைக்கிறார்கள். அந்த நினைப்பு இப்படித்தான் உடையும்.

நன்றாகப் பேசுகிறவனே பேசிக்கொண்டிருந்தால்? ஆளுக்கு மூன்று புளியங்கொட்டை கொடுங்கள். ஒரு முறை பேசினால் ஒன்றை நடுவில் வைக்க வேண்டும். மூன்றும் தீர்ந்தவன் இனிக் கேட்க மட்டுமே செய்யலாம். கையில் கொட்டை மிச்சமிருப்பவரைக் குழுவே பார்த்துக் காத்திருக்கும். வாயாடிக்குக் கேட்கும் பழக்கமும், ஊமையாக இருந்தவனுக்குக் குரலும் ஒரே விளையாட்டில் கிடைக்கின்றன.

கேட்பது என்றதும் நம் பக்கத்து ஊர் ஸ்ரீபெரும்புதூரை நினைக்காமல் இருக்க முடியவில்லை. ராமானுஜர் பிறந்த ஊர் அது. தம் ஸ்ரீபாஷ்யத்தின் தொடக்கத்திலேயே அவர் எதிர்த்தரப்பின் வாதத்தை நீளமாக, அதன் முழு வலிமையோடு எடுத்துவைக்கிறார். அதற்குப் பிறகே மறுக்கிறார். மணிமேகலையும் வஞ்சி மாநகரில் பல சமயத்தாரின் வாதங்களை ஒவ்வொன்றாகக் கேட்கிறாள். இந்த மரபில் வந்த பிள்ளைகள் "நீ சொன்னது இதுதானே?" என்று கேட்டு, "ஆமாம்" என்று எதிராளி ஒப்புக்கொண்ட பிறகே மறுக்கப் பழகட்டும். பாதிச் சண்டை அங்கேயே தீர்ந்துவிடும்.

போர்ஷன் முடியாது என்கிறீர்களா? கல்வி உரிமைச் சட்டப்படி ஆறு முதல் எட்டாம் வகுப்புவரை ஆண்டுக்குக் குறைந்தது 220 வேலைநாள். தினம் ஐந்து நிமிடம் என்றால் 1,100 நிமிடம், பதினெட்டு மணி நேரத்துக்கு மேல். வருடத்துக்கு ஒரு பேச்சுப் போட்டி வைத்து, மனப்பாடம் செய்த ஒருவனுக்குக் கோப்பை கொடுப்பதால் இது கிடைக்காது. கபடிக்காரன் உடம்பைச் சூடாக்காமல் கோட்டைத் தாண்டுவதில்லை. முதல் பாடவேளையின் ஐந்து நிமிடமும் அப்படித்தான். அதைத் தொட்டுத்தான் அன்றைய பாடம் ஓடும்.

ஆங்கிலம் வரவில்லையே என்று கூசாதே, தங்கையே. உன் வீட்டுத் தமிழில் தொடங்கு. காரணம் சொல்லத் தெரிந்தவளுக்கு மொழி பின்னால் வந்து சேரும். பீகாரிலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ வந்த தொழிலாளியின் பிள்ளை உன் பக்கத்தில் இருந்தால் அவனையும் பேச விடு. அரைகுறைத் தமிழில் அவன் சொல்லட்டும், நீ சிரிக்காமல் கேள். அவையஞ்சாமைக்கு ஓர் அதிகாரமே ஒதுக்கிய வள்ளுவரின் பிள்ளைகள் நாம். நாலு பேர் முன்னால் நிற்கும் பயம் புதிதல்ல, அதைத் தாண்டியவர்களும் நமக்கு முன்னே ஆயிரம் பேர் இருக்கிறார்கள்.

ஆசிரியர் தொடங்கட்டும் என்று காத்திருக்காதே. அவருக்கு ஆயிரம் வேலை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் நான்கு பேரைக் கூட்டு, புளியங்கொட்டையைப் பங்கு போடு. கேள்வி இல்லையா? நான் தருகிறேன்: பள்ளி தொடங்கும் நேரத்திலும் விடும் நேரத்திலும் கண்டெய்னர் லாரிகளை இந்த நெடுஞ்சாலையில் விடலாமா, கூடாதா? நிறுத்தினால் யாருக்கு நஷ்டம்? விட்டால் யாருக்கு ஆபத்து? முதல் கொட்டையை நீ வை. உன் பக்கம் எது என்று சொல். ஏன் என்றும் சொல்.