மூடியும் பூட்டும்

மோட்டார் சைக்கிளின் பெட்ரோல் டாங்கி மூடியைப் பற்றி மார்க்கப் பத்திரிகையில் எழுத என்ன இருக்கிறது என்று வாசகர்கள் வியக்கக்கூடும். நெய்வேலி நகரியத்தில் குடியிருக்கும் சகோதரர் ஒருவர் நம்மிடம் கேட்டிருப்பது அதைப் பற்றித்தான். அவருடைய பழைய புல்லட் வண்டியில் சாவி போட்டுத் திறக்கும் மூடி இருக்கிறது. சாவித் துவாரத்தில் தூசி அடைந்து, மழைக்காலத்தில் உள்ளே நீர் இறங்கி, பூட்டு அடிக்கடி இறுகிக்கொள்கிறது. பெட்ரோல் பங்கில் பின்னால் நிற்பவர்கள் முணுமுணுக்க, சாவியோடு போராட வேண்டியிருக்கிறது. அதைக் கழற்றிவிட்டுக் கையால் திருகித் திறக்கும் சாதாரண மூடியைப் போட்டுவிடலாம் என்று அவர் முடிவு செய்தார். அவருடைய அத்தா தடுத்துவிட்டார். "ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன மார்க்கத்தில் பிறந்துவிட்டு, உள்ள பூட்டையும் கழற்றுகிறாயா?" என்பது அத்தாவின் கேள்வி. "பூட்டுப் போட்டால் அண்டை வீட்டாரையெல்லாம் திருடர் என்று சொல்வது போலாகாதா?" என்பது மகனின் கேள்வி. இருவரும் மார்க்கத்தை வைத்தே பேசுகிறார்கள். ஆகவே இது மெக்கானிக்கோடு முடிகிற விஷயமாக நமக்குத் தோன்றவில்லை.

முதலில் அத்தாவின் ஆதாரத்தைப் பார்ப்போம். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைப்பதா, அவிழ்த்து விட்டுவிட்டுத் தவக்குல் வைப்பதா என்று ஒருவர் கேட்டபோது, கட்டிவிட்டே இறைவனை நம்பும்படி பெருமானார் (ஸல்) அவர்கள் கூறிய செய்தி, அனஸ் (ரலி) அவர்கள் வழியாகத் திர்மிதியில் பதிவாகியிருக்கிறது. இந்த நபிமொழி நம் வீடுகளில் எத்தனையோ முறை எடுத்துச் சொல்லப்படுகிறது. ஆனால் ஒட்டகத்தைக் கட்டுவது என்றால் என்ன என்பதைச் சற்று நிதானித்து எண்ணிப் பார்க்க வேண்டும். ஒட்டகத்தின் முன்னங்காலை மடக்கிக் கயிற்றால் கட்டுவார்கள். அந்தக் கயிற்றை எவரும் அவிழ்க்கலாம். அதற்குச் சாவி கிடையாது. ஒட்டகம் தானாக எழுந்து அலைந்து போய்விடாமல் இருக்கவே அந்தக் கட்டு. வேண்டுமென்றே வந்து நிற்கும் திருடனை அது எவ்வளவு நேரம் தடுத்துவிடும்?

இன்னொரு நபிமொழி நம் விஷயத்துக்கு இன்னும் நெருக்கமானது. இரவானதும் அல்லாஹ்வின் பெயரைச் சொல்லிக் கதவுகளைச் சாத்தவும், தோல்பைகளின் வாயைக் கட்டவும், பாத்திரங்களை மூடவும், விளக்குகளை அணைக்கவும் ஏவப்பட்டிருப்பதை ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். மூடுவதற்கு ஒன்றும் கிடைக்காவிட்டால் ஒரு குச்சியையாவது பாத்திரத்தின் மேல் குறுக்கே வைக்கச் சொல்லப்பட்டிருக்கிறது. குச்சி திருடனைத் தடுக்காது. பாலையும் காக்காது என்று கூடச் சொல்லலாம். ஆனால், "என் கையில் உள்ளதை நான் செய்துவிட்டேன், மீதி உன்னிடம்" என்று அடியான் தன் ரப்பிடம் சொல்வதற்கு அந்தக் குச்சி போதுமானதாகிறது.

மூடி வேறு, பூட்டு வேறு. மூடி பொருளுக்காக இருப்பது: பெட்ரோல் ஆவியாகிப் போகாமல், மழைநீர் உள்ளே இறங்காமல், மண் விழாமல், வளைவில் தளும்பித் தெறிக்காமல் காக்கிறது. பூட்டு மனிதனுக்காக இருப்பது. மூடியை விட்டுவிடுவது கவனக்குறைவு. அதில் அத்தாவின் பக்கமே நாம் நிற்போம். ஆனால் மகன் மூடியை எடுக்கவில்லை, பூட்டைத்தான் எடுக்கிறார். ஒட்டகத்தின் ஹதீஸைக் கொண்டு அவரைத் தடுக்க முடியாது என்பதே நம் கருத்து.

அப்படியானால் பூட்டுக்கு மார்க்கத்தில் இடமே இல்லையா? நிச்சயம் உண்டு. திருட்டைப் பற்றிய சட்டங்களில் நமது இமாம்கள் 'ஹிர்ஸ்' என்றொரு நிபந்தனையை வைத்திருக்கிறார்கள். ஒரு பொருள் அதற்குரிய பாதுகாப்பில் வைக்கப்பட்டிருந்து, அங்கிருந்து எடுக்கப்பட்டால்தான் திருட்டுக்கான தண்டனை. மரத்தில் தொங்கும் கனியைப் பறித்தவனுக்கு ஒரு நிலை. களத்தில் சேர்த்து வைத்த பின் எடுத்தவனுக்கு வேறு நிலை. பசித்தவன் மரத்தடியில் நின்று தின்றுவிட்டு, மடியில் கட்டிக்கொண்டு போகாமலிருந்தால் அவன்மீது குற்றமில்லை என்று கூட வந்திருக்கிறது. பண்ருட்டிப் பலாவும் முந்திரித் தோப்புகளும் சூழ்ந்த பகுதியில் வாழும் நெய்வேலி மக்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எதற்கு எது பாதுகாப்பு என்பதை நூலில் தேடாமல், அந்தந்த ஊரின் வழக்கத்தைப் பார்க்கச் சொன்னார்கள் சட்ட அறிஞர்கள். தங்கத்துக்குப் பெட்டி, ஆட்டுக்குப் பட்டி என்று பொருளுக்குப் பொருள் அது மாறும். ஊருக்கு ஊரும் மாறும்.

நெய்வேலியின் வழக்கம் என்ன? 1956இல் நிறுவனம் தோன்றி, 1957இல் நேரு அவர்கள் சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்து, 1961இல் பழுப்பு நிலக்கரி வெளிப்பட்ட பிறகு வளர்ந்த நகரம் அது. வட்டங்களாகப் பிரித்து, மரங்கள் நிற்கும் நேரான சாலைகள் போட்டு, தோட்டத்தோடு வீடுகள் கட்டினார்கள். பல மாநிலத்தார், பல சமயத்தார் அடுத்தடுத்து வாழ்கிறார்கள். சுற்றுச்சுவருக்குள், கேட்டைச் சாத்தி நிறுத்திய வண்டிக்கு அந்தச் சுவரும் கேட்டுமே ஹிர்ஸ். ஆனால் அதே வண்டி இரவு ஷிப்டின்போது வேலையிடத்து வண்டி நிறுத்தத்தில் எட்டு மணி நேரம் கேட்பாரற்று நிற்கிறது. விடியற்காலையில் உடல் தளர்ந்து வெளியே வருகிறவர் டாங்கி காலியாக இருக்கக் கண்டால், அத்தனை பாரமான வண்டியைத் தள்ளிக்கொண்டே வீடு சேர வேண்டும். அத்தாவின் கவலை இதுதான். அது வெறும் சந்தேகமன்று. மகனின் கால் நோகக்கூடாது என்கிற பாசம்.

ஆனால் பழைய வண்டிகளைப் பற்றி அறிந்தவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். கார்புரேட்டர் வைத்த வண்டிகளில் டாங்கியின் அடியில் ஒரு குழாய்த் திருகு இருக்கும். ரப்பர் குழாயை உருவிவிட்டுத் திருகைத் திறந்தால் பெட்ரோல் தானே இறங்கும். மேலே எவ்வளவு நல்ல பூட்டு இருந்தாலும் அது கீழே காவல் காக்காது. 2020 ஏப்ரல் முதல் வந்த பி.எஸ். 6 விதிகளுக்குப் பின், பெட்ரோலைப் பம்பு வைத்துச் செலுத்தும் வண்டிகளில் அந்தத் திருகு இல்லாமற்போயிற்று. நம் சகோதரரின் வண்டி அதற்கு முந்தியது. ஆக, அவர் இத்தனை நாளும் தலைவாசலைப் பூட்டிவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்தே வைத்திருந்திருக்கிறார். அந்தக் கொல்லைக் கதவு வழியாக எவரும் நுழையவில்லை என்றால் அதற்குக் காரணம் பூட்டன்று. சுற்றியிருந்தவர்களின் நேர்மையும், எல்லாவற்றுக்கும் மேலாக அல்லாஹ்வின் காவலுந்தான். பூட்டுக்கு நாம் செலுத்தும் நன்றியில் பெரும்பகுதி அண்டை வீட்டாருக்குச் சேர வேண்டியது என்று நமக்குத் தோன்றுகிறது.

இனி மகனின் வாதத்தைப் பார்ப்போம். பூட்டுவது சந்தேகிப்பது என்று அவர் சொல்வதை நாம் அப்படியே ஏற்கவில்லை. பொதுவாகப் பூட்டுவது எவரையும் குறித்துச் சொல்வதாகாது. பள்ளிவாசல் உண்டியலில் பூட்டுப் போட்டு, முத்தவல்லியிடம் ஒன்றும் பொருளாளரிடம் ஒன்றுமாக இரண்டு சாவி கொடுத்து வைக்கிறோமே, அவர்களைத் திருடர் என்றா சொல்கிறோம்? எவர் நாவும் அவர்கள்மீது படாமல் இருக்கவே அப்படிச் செய்கிறோம். ஆனால் தண்ணீர்ப் பானையின் தம்ளரைச் சங்கிலியால் கட்டி வைப்பதைப் பார்க்கும்போது நமக்கு மனம் என்னவோ செய்கிறது; தாகத்தோடு வந்தவனுக்குத் தண்ணீரையும் கொடுத்து, அவமானத்தையும் கொடுப்பது போல இருக்கிறது. இது நம் சொந்த மனக்குறை. சட்டமாகச் சொல்லவில்லை.

உண்மையில் சந்தேகம் பூட்டில் குடியிருப்பதில்லை, பூட்டில்லாத இடத்தில்தான் அது அதிகம் வளர்கிறது. சாவியில்லாத மூடியைப் போட்ட மறுநாள் காலையில் மகன் வண்டியைக் கொஞ்சம் ஆட்டிப் பார்ப்பார். டாங்கியில் தளும்பும் ஒலி நேற்றைவிடக் குறைவாகத் தெரியும். அடுத்த நாள் மூடியைத் திறந்து குச்சி விட்டு அளந்து பார்ப்பார். மூன்றாம் நாள் எதிர்வீட்டுப் பையன் வண்டிப் பக்கமாக நடந்ததும் நினைவுக்கு வரும். அவன் பந்து எடுக்கத்தான் வந்திருப்பான். ஆனாலும் அவனுடைய ஸலாமுக்கு அன்று பதில் சற்று மெதுவாகவே வரும். ஹுஜுராத் அத்தியாயத்தின் 12ஆவது வசனத்தில் இறைவன் ஈமான் கொண்டோரை அழைத்து, சந்தேகத்தில் அதிகமானவற்றை விலக்கச் சொல்லி, சிலவகைச் சந்தேகம் பாவமென்றும் அறிவித்து, துருவித் துருவி ஆராய்வதையும் அதே இடத்தில் தடுத்திருக்கிறான். ஒரு லிட்டர் பெட்ரோலுக்காக அண்டை வீட்டுப் பிள்ளையின் மானத்தை மனத்துக்குள் விற்றுவிடுகிறவர், பூட்டோடு இருந்திருந்தால் அந்தப் பாவத்திலிருந்து தப்பியிருப்பார்.

ஸஃப்வான் இப்னு உமையா (ரலி) அவர்களின் சம்பவத்தை இந்த இடத்தில் நினைத்துப் பார்க்கிறோம். பள்ளிவாசலில் தம் மேலாடையைத் தலைக்கு வைத்துப் படுத்திருந்தார்கள். ஒருவன் அதை உருவிக்கொண்டு போனான். அவனைப் பிடித்து நபி (ஸல்) அவர்கள் முன் கொண்டுவந்து நிறுத்தினார்கள். தண்டனை தீர்ப்பானதும் ஸஃப்வான் திடுக்கிட்டார்கள். முப்பது திர்ஹம் பெறுமானமுள்ள ஒரு துணிக்காகவா என்று, அதை அவனுக்கே கொடுத்துவிடுவதாகச் சொன்னார்கள். தம்மிடம் கொண்டு வருவதற்கு முன்பே அதைச் செய்திருக்கலாமே என்பதுதான் பெருமானாரின் பதில். தலைக்கடியில் வைத்த துணியும் ஹிர்ஸில் இருந்ததாகவே கொள்ளப்படும் என்று சட்ட அறிஞர்கள் இதிலிருந்து எடுத்தார்கள். நமக்கு வேண்டியது அந்த 'முன்பே' என்பது. மன்னிப்பதாக இருந்தால் வழக்கு வரும் முன்பே மன்னித்திருக்க வேண்டும்.

ஆகவே மகனுக்கு நாம் சொல்வது: தாராளமாகப் பூட்டில்லாத மூடியைப் போடட்டும், ஆனால் போடுகிற அன்றே ஒரு நிய்யத்தும் வைக்கட்டும். நடுஇரவில் வண்டி நின்றுபோன எவனாவது அதிலிருந்து கொஞ்சம் எடுத்தால் அதை அவனுக்கு ஹலாலாக்கிவிட்டேன், மறுமையில் அந்த ஹக்கைக் கேட்கமாட்டேன் என்று. இதை மனத்தாரச் சொல்ல முடிந்தால் அவருக்குக் குச்சி விட்டு அளக்கும் வேலையும் இல்லை, எதிர்வீட்டுப் பையனை முறைக்கும் வேலையும் இல்லை. சொல்ல முடியாவிட்டால் அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. தம் பொருளைக் காப்பது ஆகுமான காரியம், பூட்டையே பழுது பார்த்து வைத்துக்கொள்ளட்டும். பூட்டையும் எடுத்துவிட்டு, கணக்கையும் மனத்தில் வைத்திருப்பதுதான் ஆகாது. அப்படிப்பட்டவரின் திறந்த மூடி பிறருக்கு விரித்த வலையாகிவிடும்.

வீட்டில் சிறுபிள்ளைகள் இருந்தால் மேலே சொன்ன எதுவும் பொருந்தாது. மூடியைத் திருகத் தெரிந்த ஆறு வயதுப் பிள்ளையும், அடுப்படியிலிருக்கும் தீப்பெட்டியும் ஒரே வீட்டில் இருக்கின்றன. டாங்கியில் மண் போட்டு விளையாடினால் செலவோடு போகும். மற்றது அப்படிப் போகாது. அந்த வீட்டில் பூட்டு சந்தேகமன்று, ரஹ்மத். பிள்ளைகள் வளரும்வரை இருக்கட்டும்.

வண்டி யாருடையது என்பதும் முக்கியம். நாம் இதுவரை பேசியது சொந்த வண்டியைப் பற்றி. தம் பெட்ரோலைத் தாம் ஹலாலாக்கலாம். பிறருடையதை ஆக்க முடியாது. இரவல் வாங்கிய வண்டியாகவோ, அலுவலக வண்டியாகவோ இருந்தால் பூட்டிக் காப்பது கடமை. மக்கா வெற்றியின்போது, ஹிஜ்ரி 8இல், கஃபாவின் சாவி உத்மான் இப்னு தல்ஹா (ரலி) அவர்களிடமிருந்து பெறப்பட்டது. வேறு பெரியவர்கள் அதைக் கேட்டும், அவர்களிடமே அது திருப்பிக் கொடுக்கப்பட்டது. ஷைபா குடும்பத்தாரிடம் இன்றுவரை அந்தச் சாவி இருந்து வருகிறது. அமானிதங்களை உரியவர்களிடம் ஒப்படைக்க ஏவும் வசனத்தை விரிவுரையாளர்கள் இந்த நிகழ்ச்சியோடு சேர்த்தே சொல்வார்கள். நெய்வேலிக்காரர்களுக்குச் சாவியை ஒப்படைப்பது புதிதன்று. குடியிருக்கும் வீடே நிறுவனத்துடையது. ஓய்வு பெற்றால் சாவியைக் கொடுத்துவிட்டுத்தான் புறப்பட வேண்டும்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியதையும் சொல்லிவிடுகிறோம். மூடியில் காற்றுப் போக நுண்ணிய துளை இருக்க வேண்டும். அது இல்லாத மலிவான மூடியைப் போட்டால் பெட்ரோல் இறங்க இறங்க உள்ளே காற்றின்றி, சில மைல் ஓடியதும் வண்டி நின்றுவிடும். மூடியைத் திறந்தால் 'புஸ்' என்று காற்று உள்ளே இழுக்கப்பட்டு மறுபடி ஓடும். கழற்றிய பூட்டு மூடியை விற்பதானால் பூட்டு இறுகுகிற குறையைச் சொல்லி விற்க வேண்டும், இரண்டு சாவிகளையும் கொடுத்துவிட வேண்டும்.